தக்காளி அழுகாத சந்து

நரிப்பாறைப்புதூரில் தக்காளி அழுகாத சந்து ஒன்று இருந்தது. இருந்தது, அவ்வளவுதான். எப்படி என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அதை வைத்துக்கொண்டு ஊர் என்ன செய்தது என்று கேட்டால் சொல்லலாம்.

ஊரின் வடகோடியில் சென்னியப்பனும் அவன் தம்பி ராக்கியப்பனும் குடியிருந்தார்கள். அப்பன் கட்டிய ஒரே வீட்டை நடுவில் அறுத்து ஆளுக்கொரு சுவர் எழுப்பிக்கொண்டதில் மிஞ்சிய இடம்தான் அந்தச் சந்து. வாசலில் ஆரம்பித்துப் புறக்கடை முள்வேலி வரைக்கும் போகும், தலையில் பெட்டியோடு ஒரு ஆள் போனால் எதிரே ஒரு ஆள் வரலாம், இரண்டு பக்கத்துக் கூரையும் மேலே முட்டிக்கொண்டதில் வெயில் விழாது. கிணற்றுத் தண்ணீர் முறையில் வந்த சண்டை. யார் முறையில் யார் மோட்டாரைப் போட்டது, யார் வாயிலிருந்து எந்த வார்த்தை முதலில் விழுந்தது என்பதெல்லாம் இப்போது எதற்கு. பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இந்தப் பக்கம் ஒருவன் தும்மினால் அந்தப் பக்கம் டிவி சத்தம் ஏறும். ஏச்சு கிடையாது, பேச்சு கிடையாது, கோயில் வாசலில் முகத்துக்கு முகம் வந்தாலும் நடுவில் ஒரு தூண் நிற்கிற மாதிரி இரண்டு பேரும் விலகிப் போவார்கள்.

இருவருக்கும் நடுவில் பிறந்தவள் பாவாத்தாள். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்து, புருஷனும் போய்ச் சேர்ந்து, ஒற்றை மகளோடு ஒன்றரை ஏக்கரில் தக்காளி வைத்துக்கொண்டிருந்தவள். ஒரு பங்குனியில் முதல் பறிப்புப் பெட்டியைப் பிறந்த வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அண்ணன் வாசலில் இறக்கினால் தம்பி முறைப்பான், தம்பி வாசலில் இறக்கினால் அண்ணன் சோறு உண்ண மாட்டான், அதனால் சந்துக்குள் சரிநடுவில் இறக்கி, இரண்டு பேரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுப் போனாள். நடுவில் கிடப்பதை முதலில் தொட்டவன் தோற்றவன் ஆகிவிடுவான் என்று இரண்டு பேரும் தொடவில்லை. சித்திரை போனது, வைகாசி போனது, காற்றடிக்கிற ஆனியும் போனது. ஆடியில் விரியன் பாம்பு புகுந்ததென்று கம்போடு உள்ளே போனவர்கள் பார்த்தால், பெட்டியில் பழம் பறித்த காலையில் இருந்தபடியே இருந்தது. காம்பு பச்சை. தோலில் காலை ஈரம்.

யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் அர்ச்சுனன் ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்து, உப்பு இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். அன்று சாயங்காலமே பாதி ஊர் பெட்டியோடு சந்து வாசலில் நின்றது.

நிற்காமல் என்ன செய்யும். பறித்த தக்காளி யாருக்காகவும் காத்திருக்காது. எங்கள் ஊருக்கும் சந்தை ரோட்டுக்கும் நடுவே சுண்ணாம்போடை, ஓடைமேல் ஒரு தரைப்பாலம், பாலத்துக்கு இந்தப் பக்கம் கல்லும் பள்ளமுமாய் ஒரு தடம். மழை பெய்தால் டெம்போ வராது, டெம்போ வந்தால் அன்றைக்கென்று எல்லா ஊர்த் தக்காளியும் வந்து விலை விழுந்திருக்கும், விலை இருக்கிற அன்றைக்கு டெம்போ எங்கேயாவது கல்யாணத்துக்குப் பந்தல் சாமான் ஏற்றிப் போயிருக்கும், இப்படியே மூன்றாம் நாள் அடிப்பெட்டி கசிந்து, ஐந்தாம் நாள் ஈ மொய்த்து, ஒரு பட்டம் பூராவும் குனிந்து நிமிர்ந்த பாடு ரோட்டோரம் கொட்டிக் கிடக்கும். ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும். குளிர் கிடங்கு டவுனில் உண்டு. அதுவரைக்கும் போக வழி இருந்தால் சந்தைக்கே போய்விடலாமே.

வீட்டுக்காரர்கள் சம்மதம் வாங்குவதில் கஷ்டமே இல்லை. தம்பிக்கு இஷ்டமில்லை என்று அண்ணனிடம் சொன்னார்கள், அண்ணன் உடனே சரி என்றான். அண்ணனுக்கு இஷ்டமில்லை என்று தம்பியிடம் சொன்னார்கள், அவன் விளக்குமாறு எடுத்து இடத்தைக் கூட்டியே கொடுத்தான்.

சந்துக்குள் வாய் திறக்கக் கூடாது என்று ஊர் முடிவு செய்தது. பேச்சு பட்டால் பழம் கெடும் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, சோதிக்கிற தைரியம் யாருக்கும் இல்லை. பெண்கள் கையாலேயே பேசப் பழகிக்கொண்டார்கள், அதில் வம்புகூடப் பேச முடிந்தது. பால் வைத்தால் திரியாது, ஆனால் மோர் ஊற்றி வைத்தால் உறையவும் உறையாது. இட்லி மாவு வைத்த ஒருத்தி மறுநாள் மாவை அப்படியே தோசைக்குக்கூட ஆகாமல் தூக்கிப் போனாள். ஒரு வெள்ளைக் கோழி பெட்டிகளுக்கு நடுவே முட்டை இட்டு அடைகாத்தது, காத்துக் காத்து ஒன்றும் ஆகாமல் ஒரு நாள் எழுந்து, ஊரையே கேவலமாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

பார்த்தவர்கள் தாங்களும் சந்து உண்டாக்கப் பார்த்தார்கள். ஒரு அப்பனும் மகனும் பேச்சை நிறுத்தி நடுவில் பெட்டியை அடுக்கினார்கள், ஆனால் செல்போனில் ரகசியமாகப் பேசிக்கொண்டார்கள், தக்காளிக்குத் தெரிந்துவிட்டது. ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டையில் பழம் சாப்பாட்டு நேரம் வரைக்கும்தான் நின்றது. ஓரகத்திகள் இரண்டு பேர் தெருவே நாறுகிற மாதிரி கத்திக்கொண்டார்கள், அங்கே வைத்த பெட்டி மற்ற பெட்டிகளைவிடச் சீக்கிரம் அழுகியது. கத்துகிற சண்டை உதவாது. உதடு ஒட்டிய சண்டை வேண்டும், அது ஊரில் ஒன்றுதான் இருந்தது.

ஆகவே ஊர் அதற்குக் காவல் போட்டது. பந்தியில் இருவரையும் எதிரெதிர்க் கோடியில் உட்கார வைத்தார்கள், திருவிழாவில் ஒருவனுக்குக் காலைக் கட்டளை, இன்னொருவனுக்குச் சாயங்காலக் கட்டளை. ஒரு தடவை சென்னியப்பன் காய்ச்சலில் பாயோடு படுத்துவிட்டான். ராக்கியப்பன் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்து, மூன்றாம் நாள் எளநீரைச் சீவி எடுத்துக்கொண்டு தன் வாசலை விட்டு இறங்கி அண்ணன் வாசலுக்கு வந்துவிட்டான். பிரசிடெண்ட் அங்கே காத்திருந்தார்.

"காய்ச்சல் எறங்கிருச்சப்பா. இப்பத்தான் கஞ்சி குடிச்சுட்டுத் தூங்கறான். நீ போ."

"இதை மட்டும்..."

"நான் குடுத்தர்றேன், போ."

அவன் போனதும் பிரசிடெண்ட் அந்த எளநீரை நின்றவாக்கில் தானே குடித்தார். அதை நான்கைந்து பேர் பார்த்தோம். எங்கள் பெட்டியும் உள்ளே இருந்தது. பார்த்துவிட்டுப் போனோம்.

டெம்போக்காரன் முபாரக் மட்டும்தான் வாய்விட்டுச் சிரித்தான். "ஊருக்கு ஊரு திருடனுக்குக் காவல் போடுவாங்கண்ணே. சண்டைக்குக் காவல் போட்ட ஊரு இதுதான்."

அழுகாது என்று தெரிந்ததும் எங்களுக்கு விற்கிற வழக்கமே போய்விட்டது. விலை ஏறினால் இன்னும் ஏறட்டும் என்றோம், இறங்கினால் ஏறாமலா போகும் என்றோம். முபாரக் வந்து ஹாரன் அடித்து அடித்துக் காலி வண்டியோடு போனான். ஐப்பசியில் அடித்த மழையில் தரைப்பாலம் நடுவில் பிய்த்துக்கொண்டு போனது. முன்பென்றால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்திருப்போம். இப்போது யாரும் போகவில்லை. சந்துதான் இருக்கிறதே, என்ன அவசரம். முள்வேலி வரைக்கும் கூரை உயரத்துக்குப் பெட்டி அடுக்கி ஊரின் மொத்த வெள்ளாமையும் அதற்குள் நின்றது. ஒரு ஊர் பூராவும் சேர்ந்து இரண்டு பேர் வாயை நம்பி உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் பாவாத்தாள் மகள் பிருந்தாவுக்குக் கல்யாணம் கூடியது. கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை.

எங்கள் பக்கத்தில் பெண் மணவறைக்கு நடந்து போகக் கூடாது. பலகையில் உட்கார வைத்துத் தாய்மாமன் தூக்கி வர வேண்டும், இரண்டு மாமன் இருந்தால் ஆளுக்கொரு பக்கம். ஒருவன் மட்டும் தூக்கினால் இன்னொருவன் செத்துவிட்டான் என்று அர்த்தம். இரண்டு பேர் சேர்ந்து ஒரு சுமை தூக்கினால் வாய் திறக்காமல் முடியாது, ஏற்று என்பான் ஒருவன், இறக்கு என்பான் இன்னொருவன். இது ஊருக்குத் தெரியும். அதனால் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டுப் பாவாத்தாளைக் கூப்பிட்டார்கள்.

"கல்யாணத்தைத் தைக்குத் தள்ளி வெச்சுக்க அம்மிணி," என்றார் பிரசிடெண்ட். "பாலம் போடட்டும், பொட்டி போகட்டும்."

"தை வந்தா மாசின்னு சொல்லுவீங்க. பாலத்தை யாருங்ண்ணா போடறது, நீங்க கேட்டாத்தானே போடறதுக்கு."

"ஊரு வெள்ளாமை பூராவும் அங்க இருக்குது. நெனச்சுப் பாரு."

"எம்பொண்ணு இங்க இருக்கறா. நீங்க நெனச்சுப் பாருங்க."

ஒருவன் யோசனை சொன்னான். மேளக்காரனைப் பலகை பக்கத்தில் நிற்க வைத்து, ஒரு தட்டுக்குத் தூக்குவது, இரண்டு தட்டுக்கு இறக்குவது, மாமன்மார் வாயே திறக்க வேண்டாம்.

"எம்பொண்ணென்ன ஒரலா, கொட்டுக்கு ஏத்தி எறக்க?" பாவாத்தாள் சேலையை இழுத்துச் செருகினாள். "அப்பனில்லாத பொண்ணு. அவளைத் தூக்கற ரெண்டு பேரும் ஒருத்தனுக்கொருத்தன் பாத்துப் பாத்துன்னு சொல்லித்தான் தூக்கோணும். பேசாமத் தூக்குனா சாயும். வெள்ளிக்கிழமை அவிங்க பேசுவாங்க, பேச வெப்பேன். அதுக்குள்ள எம்பொட்டிய நான் எடுத்துக்கறேன். உங்க பொட்டி உங்க பாடு."

சொன்னதோடு நிற்கவில்லை. வியாழக்கிழமை விடிந்ததும் சந்துக்குள் போய் முதல் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஓடைக்கு இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர், நடுவில் இன்னும் ஆழம், காலுக்குக் கீழே உருளும் பாறைகள். அக்கரையில் முபாரக் அவள் சொல்லி வைத்தபடி இன்னும் நான்கு டெம்போக்காரர்களைக் கூட்டிக்கொண்டு நின்றான். அவள் ஒரு பெட்டியைக் கரை சேர்த்துத் திரும்பி வருவதற்குள் கரையில் ஊர் கூடிவிட்டது. முதலில் வேடிக்கை பார்த்தோம். பிறகு ஒருவன் முனகிக்கொண்டே போய்த் தன் பெட்டியை எடுத்தான், அவனைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து நாங்கள் எல்லோரும். ஒருவன் வழுக்கி விழுந்து அவன் தக்காளி ஓடையோடு சிவப்பாய் மிதந்து போனது.

அக்கரையிலிருந்து முபாரக் கத்தினான். "இப்படி ஒவ்வொருத்தரா வந்தா பொங்கலாயிரும். ஆளு நில்லுங்கய்யா, பொட்டி நடக்கட்டும்."

அப்படித்தான் வரிசை நின்றது. சந்து வாசலிலிருந்து கைக்குக் கை, ஆணும் பெண்ணும், பிரசிடெண்டும் அவர் தோட்டத்துக்குக் கூலிக்கு வருகிறவர்களும், அர்ச்சகரும், ரேஷன் கடைக்காரனும் தெருவோடு நின்று, கரையில் இறங்கி, தண்ணீருக்குள் நின்று, பெட்டி மட்டும் எல்லோர் கையிலும் ஏறி இறங்கி அக்கரைக்கு நடந்தது. ஒரே ஒரு இடத்தில் அறுந்தது. நடு ஓடையில் பாலம் பிய்ந்த பள்ளத்தில் தண்ணீர் மார்பு வரைக்கும் இழுத்தது, கடந்து போய்விடலாம், ஆனால் அங்கேயே நின்று பெட்டி வாங்கிக் கொடுக்க இரண்டு நெட்டை ஆள் வேண்டும். ஊரில் நெட்டை ஆள் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் அவரவர் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

பிரசிடெண்ட் தலையைச் சொறிந்தார்.

"தண்ணிக்குள்ள நிக்கறதுக்குப் பேச்சு எதுக்குங்ண்ணா," என்றாள் பாவாத்தாள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி. "பொட்டிய வாங்கறது, பொட்டியக் குடுக்கறது."

வேறு வழி இல்லை. சென்னியப்பனிடம் தம்பிக்குத் தண்ணீரென்றால் பயமாம் என்றார்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். ராக்கியப்பனிடம் அண்ணனுக்கு வயதாகிவிட்டதாம் என்றார்கள், அண்ணனுக்கு முன்னாலேயே பள்ளத்தில் இறங்கி நின்றான்.

பார்க்க வேண்டும் அதை. அண்ணன் கை நீட்டுகிற இடத்தில் தம்பி கை இருந்தது, தம்பி திரும்பும்போதே அண்ணன் அடுத்த பெட்டிக்குத் திரும்பியிருந்தான், இரண்டு பேரும் ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்காமல், ஒரே ஆளுக்கு நான்கு கை முளைத்த மாதிரி பெட்டியை நடத்தினார்கள். வெயில் ஏறியது. சந்தில் பாதி காலியானது, பாதிக்கு மேலும் காலியானது. பேச்சில்லாமலேயே முடிந்துவிடும் போலத்தான் இருந்தது. பிரசிடெண்ட் கரையில் சிரித்துக்கொண்டு நின்றார், ஏனென்றால் அவர் பெட்டிதான் எல்லாவற்றுக்கும் பின்னால், முள்வேலி ஓரம், உச்ச விலைக்காகக் கடைசியில் இருந்தது.

அப்போது பெட்டியோடு ராக்கியப்பன் காலுக்குக் கீழே பாறை உருண்டது. அவன் ஒரு பக்கம் சாய்ந்தான். சென்னியப்பன் அவன் இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்து நிறுத்தினான்.

"ராக்கி, காலைப் பாத்து வையிடா."

வரிசை முழுக்க நின்றது. பெட்டி இருந்த கையிலேயே நின்றது. ராக்கியப்பன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அண்ணன் முகத்தைப் பார்த்தான்.

"அன்னிக்கு எளநி குடிச்சியா?"

"எந்த எளநி?"

"காய்ச்சல்ல கெடந்தியே. சீவிக் கொண்டாந்தனே. வாசல்ல பிரசிடெண்டு கையில குடுத்தனே."

"எனக்கு யாரும் ஒண்ணும் குடுக்கலியே. தம்பி எட்டிப் பாக்குலீன்னுதான் சொன்னாங்க."

இருவரும் சேர்ந்து கரையைத் திரும்பிப் பார்த்தார்கள். பிரசிடெண்ட் பக்கத்தில் நின்றவனிடம் ஏதோ மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மற்றவர்கள் தண்ணீரைப் பார்த்தோம்.

அதற்குள் சந்து வாசலில் நின்ற ஒருத்தி வரிசையில் ஆள் மாற்றி ஆளாய்ச் சேதி அனுப்பினாள். பழம் திரும்புது. உள்ளே நின்றுகொண்டிருந்த மாதமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து இறங்கியது. கண் முன்னாலேயே மஞ்சள் பழம் சிவந்தது, சிவந்த பழம் கருஞ்சிவப்பானது, கை வைத்தால் விரல் உள்ளே போனது, வாசனை தெருவைத் தாண்டி ஓடைவரைக்கும் வந்தது. சந்து வாசலைத் தாண்டிய பெட்டியில் பழம் அந்தப் பதத்திலேயே நின்றுகொண்டது, உள்ளே இருக்கிற பெட்டியில்தான் மாதம் ஓடியது. அவ்வளவு நாள் கையால் பேசிய ஊர் வாயால் கத்தியது, வாங்கு, விடு, தூக்கு, தள்ளு, பெட்டி நடக்காமல் பறந்தது, நடு ஓடையில் அண்ணனும் தம்பியும் விட்டுப்போன பேச்சு முழுவதையும் பெட்டிக்கு ஒரு வார்த்தையாய்ப் பேசிக்கொண்டே தள்ளினார்கள். கிணற்று மோட்டார் ஒரு பெட்டியில் போனது. அப்பனின் சாவு ஒரு பெட்டியில் போனது.

ஐந்து டெம்போவும் நிறைந்து ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அன்றைக்கு என்ன விலையோ அந்த விலைக்கு விற்றோம். மிஞ்சியது முள்வேலி ஓரத்துப் பெட்டிகள்தான். கனிந்து வெடிக்கிற பழம், சந்தை பார்க்காது.

பிரசிடெண்ட் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். பாவாத்தாள் ஈரச் சேலையோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்ண்ணா, நாளைக்கு இது இருக்குமா?"

"ராத்திரிக்கே இருக்காது."

"அப்படின்னா விருந்து இன்னிக்கே. எழுந்திரிங்க, அடுப்பு வெட்டோணும்."

சமையல்காரர்கள் மறுநாளுக்கென்று வந்திருந்தவர்கள்தான். சாயங்காலத்துக்குள் தக்காளிச் சோறு, தக்காளிக் குழம்பு, ரசம், பச்சடி, அண்டா அண்டாவாய்த் தொக்கு. மாப்பிள்ளை வீட்டார் ஓடையைத் தாண்டி நனைந்து வந்தவர்கள், இலையில் எல்லாமே சிவப்பாக இருப்பதைப் பார்த்து, இது என்ன முறை என்று கேட்டார்கள். எங்கள் ஊர் முறை என்றோம். பிரசிடெண்டே கரண்டி பிடித்துப் பரிமாறினார். சென்னியப்பன் இலைக்கு வந்தபோது அவன் ஒன்றும் கேட்கவில்லை, டம்ளரை மட்டும் முன்னால் நகர்த்தி வைத்தான். பிரசிடெண்ட் போய் ஒரு எளநீர் சீவிக்கொண்டு வந்தார்.

சந்தில் இப்போது மோர் ஊற்றி வைத்தால் பால் உறைகிறது. வைத்தால் பழம் அழுகுகிறது, எல்லா இடத்திலும் அழுகுகிற மாதிரி. அடுத்த பறிப்புக்கு நாங்கள் யாரும் சொல்லாமலே வரிசையில் நின்றோம், அதற்கடுத்த பறிப்புக்கும் நின்றோம், நடுவில் ஒரு திங்கட்கிழமை அதே வரிசையாகக் கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் போய் நின்றோம். பாலத்துக்குக் கல் இறங்கியிருக்கிறது. கட்டும் வரைக்கும் கை இருக்கிறது.

வெள்ளிக்கிழமையைச் சொல்லாமல் விடக்கூடாது. பிருந்தாவைப் பலகையில் உட்கார வைத்து அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் தோளுக்கு ஏற்றினார்கள். ஏற்றிய நிமிஷமே ஆரம்பித்துவிட்டார்கள்.

"உன் பக்கம் எறங்குது, ஏத்து."

"நீ ஏத்திப் புடிச்சா என் பக்கம் எறங்காம என்ன பண்ணும்?"

"சின்ன வயசுல இருந்தே உனக்குத் தோளு கோணல்."

"உனக்கு நடையே கோணல்."

வீட்டு வாசலில் ஆரம்பித்தது தெருவில் வந்தது, கோயிலைத் தாண்டி வந்தது, பந்தலுக்குள் வந்தது, மேளக்காரன் தன் சத்தம் கேட்கவில்லை என்று நிறுத்திவிட்டான். பலகைமேல் இரண்டு பேர் தலையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிருந்தா குனிந்து சொன்னாள்.

"மாமா, மணவறை வந்துருச்சு. ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடிட்டு நடங்க."

மூடிக்கொண்டார்கள். பந்தலே அமைதியானது. இரண்டு மாமனும் ஒரு எட்டு வைத்தார்கள், இன்னொரு எட்டு வைத்தார்கள், வாய் திறக்கவில்லை. முன் வரிசையில் பிரசிடெண்ட் அர்ச்சுனன் சட்டென்று கழுத்தைத் திருப்பிச் சந்துப் பக்கம் பார்த்தார்.

"வலது காலு மொதல்லண்ணா," என்றான் ராக்கியப்பன்.